இடது திரை, வலது திரை

வர்ணனைப் பெட்டிக்குள் நாங்கள் நுழைந்ததும் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். சிறப்பு விருந்தினரின் கார் கிளம்பிய பிறகுதான் திறப்பார்கள். அது பாதுகாப்பு விதி. கைபேசிகளைக் கீழேயே ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கடற்கரைச் சாலையின் ஓரம், இரும்புச் சாரத்தின் மேல் தூக்கி நிறுத்திய கண்ணாடி அறை அது. உள்ளே இரண்டு நாற்காலிகள், இரண்டு மைக்குகள், தண்ணீர் பாட்டில்கள். குண்டு துளைக்காத கண்ணாடி. சத்தமும் துளைக்காது. உள்ளிருந்து சாலை முழுவதும் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் கண்ணாடியில் கடல்தான் தெரியும்.

குடியரசு தின அணிவகுப்புக்கு நானும் பெஞ்சமின் அண்ணனும் சேர்ந்து வர்ணனை சொல்ல வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் இயற்பியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மைக் முன்னால் மட்டும் பேச வரும், அது திரும்பிப் பார்க்காது என்பதால். அவர் பாளையங்கோட்டைக்காரர், நகைச்சுவைப் பட்டிமன்றங்களில் பேசிப் பெயர் வாங்கியவர். எங்களைச் சேர்த்து உட்காரவைத்ததே, ஒருவர் கனமாகவும் ஒருவர் லேசாகவும் பேசுவோம் என்றுதான். நாங்களோ ஒவ்வொரு வருடமும் சண்டை போட்டோம்.

"ஏம்மா வசுமதி, கொடியேத்துறது சந்தோசமான விசயம்தானே? கல்யாண வீட்டுல உக்காந்து துக்கம் விசாரிக்கிற மாதிரியே பேசுதியே."

"செத்துப்போன பையனுக்காகப் பதக்கம் வாங்க ஒரு அம்மா வர்றாங்கண்ணே. அங்க போய்ச் சிரிக்கச் சொல்றீங்களா?"

"அந்த அம்மா வரையில நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா குதிர சாணி போட்டா சொல்லுவேன்."

போன வருடம் மேடைக்கு நேர் எதிரே ஒரு குதிரை அதைச் செய்தது. "தன்னால் இயன்ற மரியாதையைச் செலுத்திவிட்டுச் செல்கிறது" என்றார் அவர். பாதி மாநிலம் சிரித்தது. மீதிப் பாதி புகார் எழுதியது. புகார்களிலும் ஒற்றுமை இல்லை. விழாவைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள் என்று சிலர், அந்தப் பெண் பேசினால் இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று சிலர்.

அதனால்தான் இந்த வருடம் 'தொனி' வந்தது.

ஒத்திகை அன்று நிலைய இயக்குநர் கஜலட்சுமி மேடம் எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"நீங்க எப்பவும் போலப் பேசுங்க. எந்த வீட்டுல எதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, எதைப் பார்த்தா சேனலை மாத்துறாங்கன்னு டிவிக்கே தெரியும். கலகலப்பு புடிச்ச வீட்டுக்கு உங்க பேச்சு கலகலப்பாப் போகும். மரியாதையா இருக்கணும்னு நினைக்கிற வீட்டுக்கு மரியாதையாப் போகும். குரல் உங்களோடதுதான். தொனி மட்டும் மாறும்."

"வார்த்தைகள் மேடம்?" என்றேன்.

"முடிஞ்சவரைக்கும் தொடாது. தொனியை மாத்தியும் சரிப்படலேன்னாதான் வார்த்தையில கை வைக்கும். நீங்க பேசாம இருந்தாக்கூட இடைவெளியை அதுவே நிரப்பிக்கும்."

"அப்ப நாங்க என்னத்துக்கு மேடம்?" என்றார் பெஞ்சமின் அண்ணன்.

"குரலுக்கு," என்றார் மேடம்.

கண்ணாடிக்குக் கீழே புதிதாக இரண்டு சிறிய திரைகள் வைத்திருந்தார்கள். கலகலப்பான வீடுகளுக்கு என்ன போகிறது என்பது இடது திரையில் எழுத்தாக ஓடும். மரியாதையான வீடுகளுக்குப் போவது வலது திரையில் ஓடும். சாலையோர ஒலிபெருக்கிகளுக்கும், கீழே நிற்கும் ஒளிபரப்பு வேனுக்கும் வலது திரையில் உள்ளதுதான் போகும். அரசு விழா அல்லவா.

காலையில் கொடியேற்றினார்கள். தேசிய கீதம் தொடங்கியதும் இரண்டு திரைகளும் வெறுமையாயின. பெஞ்சமின் அண்ணன் தொண்டையைச் செருமினார். கீதம் முடிந்ததும் வேனிலிருந்து ஒலிப்பதிவாளர் இர்ஃபானின் குரல் ஹெட்போனில் வந்தது.

"அண்ணே, நீங்க செருமுனது அப்படியே வெளிய போயிருச்சு. தேசிய கீதத்துல மட்டும் தொனி கை வைக்காது. சட்டப் பிரச்சனை. பாட்டு ஆரம்பிச்சாலே கண்டுபுடிச்சித் தானா அணைஞ்சுக்கும். கடைசி வரி முடியறவரைக்கும் நீங்க மூச்சு வுட்டாக்கூட எல்லா வூட்லயும் கேக்கும். ஓக்கேவாண்ணே?"

"சரிப்பா," என்றார் பெஞ்சமின் அண்ணன் மைக்கில்.

வலது திரையில் எழுத்து ஓடியது: 'ஆணை ஏற்றோம், அன்னை மண்ணே.'

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். இர்ஃபான் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது தொனியின் வழியாகத்தான் அவனுக்குப் போகும். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

அன்று நாங்கள் சண்டை போடவில்லை. போட ஒன்றும் இல்லை. படைப்பிரிவுகள் வந்தன, நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். பதக்கம் வாங்க ஒரு அம்மா வந்தார். வழக்கமாக அந்த இடத்தில் பெஞ்சமின் அண்ணனைப் பார்த்து, பேசாதீர்கள் என்று நான் கையைக் காட்டுவேன். இந்த முறை காட்டவில்லை. அவர் எது சொன்னாலும் சரியாகப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். குடிக்கும்போதே இடது திரையில் என் பெயரில் ஒரு நகைச்சுவை ஓடி முடிந்தது.

பிறகு அலங்கார ஊர்திகள் வரத் தொடங்கின.

பெஞ்சமின் அண்ணன் காலையிலிருந்தே இதற்காகத்தான் காத்திருந்தார். அவருடைய மகள் ஜெஸிந்தா ஒரு ஊர்தியில் நின்றிருந்தாள். கல்லூரி நாடகக் குழுவில் இருப்பவள். நதி மங்கை வேடம். தலை முதல் கால் வரை செம்பு நிறச் சாயம் பூசி, குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி சிலையாக நிற்க வேண்டும். பக்கத்தில் ஏர் பிடித்த உழவனாக இன்னொருவர், அதே செம்பு நிறத்தில். வண்டி குலுங்கும்போது விழாமல் இருக்க, முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி. அதோடு நெஞ்சைச் சுற்றி ஒரு தோல் வார். வார் வெளியே தெரியாமல் மேலே துணி. மேடையைத் தாண்டும்வரை அசையக் கூடாது. சிலை அசைந்தால் பரிசு கிடையாது.

"பிள்ள மொத நாளு ராத்திரியே போயிட்டா. சாயம் காயணும்லா. ஒண்ணும் சாப்பிடவும் இல்ல," என்றார் முந்தின ஊர்தி போகும்போது. அது வலது திரையில் நதியின் தவம் என்று மாறியது.

அவளுடைய ஊர்தி வளைவில் திரும்பியது. வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அவள் தலை குனிந்திருந்தது.

"தல குனிஞ்சா நிக்கணும்?" என்றார் என்னிடம். "ஒத்திகையில நிமிந்துலா நின்னா."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. குடம் கையிலிருந்து நழுவி உருண்டது. அவள் முழங்கால் மடிந்தது. உடம்பு கீழே சரிந்தபோது நெஞ்சில் இருந்த வார் மேலே ஏறிக் கழுத்தில் நின்றது.

பெஞ்சமின் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஏட்டி ஜெஸி," என்றார். "தலையத் தூக்குட்டி. ஏட்டி, தலையத் தூக்கு."

அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. பட்டிமன்றத்தில் பேசும் மனிதருக்குள் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நினைத்ததும் இல்லை.

வலது திரையில் ஓடியது: 'தலை தாழ்த்தி வணங்குகிறாள் நதித் தாய்.'

இடது திரையில் அவர் சொன்னது ஒரு எழுத்துக்கூட மாறாமல் அப்படியே இருந்தது. கடைசியில் மட்டும் சிறியதாக ஒரு சிரிப்பு முகம்.

"வண்டியை நிறுத்துங்க," என்று மைக்கில் கத்தினேன். "அந்தப் பொண்ணு மயங்கிட்டா. வார் கழுத்தை இறுக்குது. இர்ஃபான், நிறுத்தச் சொல்லு."

இடது திரை: 'அடடா, விடிய விடிய முழிச்ச களைப்பு! நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கும் இந்நேரம் இப்படித்தானே சொக்கும்?'

வலது திரை: 'இந்தக் கணத்தை நிறுத்தி வைக்கத் தோன்றுகிறது. தியாகத்தின் முன் நதியே மண்டியிடுகிறது.'

ஹெட்போனில் இர்ஃபான் சொன்னான்: "மேடம், செம. புல்லரிக்குது. அப்படியே கண்டினியூ பண்ணுங்க."

கீழே ஒலிபெருக்கிகள் அதைச் சாலை முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டம் கைதட்டியது எங்களுக்குக் கேட்கவில்லை, தெரிந்தது. ஓரத்தில் நின்ற ஒரு போலீஸ் அதிகாரி ஊர்தியைப் பார்த்து சல்யூட் அடித்தார்.

பெஞ்சமின் அண்ணன் நாற்காலியைத் தூக்கிக் கதவில் அடித்தார். அது இரும்புக் கதவு. நாற்காலியின் கால் வளைந்தது. மறுபடி அடித்தார். நான் கண்ணாடியைக் கையால் குத்தினேன். எங்களுக்கு நேர் கீழே நின்ற குழந்தைகள் கடல் தெரியும் கண்ணாடியைப் பார்த்துக் கொடியை ஆட்டின.

பேசாமல் இருந்தால் இர்ஃபானுக்குச் சந்தேகம் வரும் என்று தோன்றி வாயை மூடினேன். திரைகளில் என் பேச்சு நிற்காமல் ஓடியது. நான் சொல்லாத வாக்கியங்களை, நான் சொல்லக்கூடிய மாதிரியே, என் குரலில் அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஊர்தி மேடையை நோக்கி மெதுவாக ஊர்ந்தது. அவளுடைய கால்விரல்கள் பலகையில் உரசிக்கொண்டு வந்தன.

நான் தேசிய கீதத்தைப் பாட ஆரம்பித்தேன்.

யோசித்துச் செய்தேனா என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். தெரியவில்லை. சுருதி மேலே போய்விட்டது, குரல் கிழிந்தது. முதல் வரியிலேயே இரண்டு திரைகளும் வெறுமையாயின.

சாலை முழுவதும் நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஊர்தியின் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே குதித்து, விறைப்பாக நின்றார். வண்டி நின்றுவிட்டது. அதுவரைக்கும் நான் நினைத்தபடிதான்.

பிறகுதான் உறைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நேராகப் பார்த்து நிற்கிறார்கள். ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. சல்யூட் அடித்த அதிகாரி ஊர்திக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவர் கண் எதிரே இருந்த கம்பத்தில் இருந்தது.

என் பின்னால் நாற்காலிச் சத்தமும் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சமின் அண்ணன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கைகள் மட்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. அவர் நிற்கவில்லை. அவருடைய உடம்பு நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து அதற்குச் சொல்லிக் கொடுத்தது அது.

பாட்டை முடித்தால் தொனி விழித்துக்கொள்ளும். முடியும்வரை யாரும் அசைய மாட்டார்கள்.

நடு வரியில் நிறுத்தினேன்.

திரைகள் வெறுமையாகவே இருந்தன. அது கடைசி வரிக்காகக் காத்திருந்தது.

"நதி மங்கை வேஷம் போட்ட பொண்ணு செத்துக்கிட்டிருக்கா," என்றேன். "கழுத்துல வார் மாட்டியிருக்கு. யாராவது தூக்குங்க. தயவு செஞ்சு தூக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. கீதம் முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முடியாத கீதத்துக்கு எவ்வளவு நேரம் நிற்பது என்று யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

"தூக்குங்க," என்றேன் மறுபடி.

முதலில் அசைந்தது ஒரு சிலை. ஏர் பிடித்து நின்ற அந்த உழவன். பீடத்திலிருந்து இறங்கினான். செம்பு நிறக் கைகளால் அவள் கால்களைக் கட்டிப் பிடித்து மேலே தூக்கினான். அதன் பிறகுதான் அந்த அதிகாரி ஓடிப்போய் ஏறினார். பிறகு நிறையப் பேர்.

ஆம்புலன்ஸ் போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். கதவைத் திறக்கவில்லை. சிறப்பு விருந்தினர் இன்னும் கிளம்பவில்லை. இர்ஃபான் ஹெட்போனில் அழுதுகொண்டே என்னவோ சொன்னான், அவனாலும் திறக்க முடியவில்லை. பெஞ்சமின் அண்ணன் வளைந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரி வராமலே தொனி கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் பெற்றது. அடுத்த ஊர்தி வந்தது. எங்கள் இருவரின் குரல்களும் அணிவகுப்பை நல்லபடியாக முடித்து வைத்தன.

ஜெஸிந்தா பிழைத்துக்கொண்டாள்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் வயதானவர் மென்மையாகத்தான் பேசினார்.

"நீங்க பாடினது தப்பில்லைம்மா. பாதியில நிறுத்தினதுதான். முழுசாப் பாடி முடிச்சுட்டு சொல்லியிருக்கலாமே?"

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

தொனியைச் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். பெஞ்சமின் சாருடைய பேச்சில் ஒரு வார்த்தைகூட மாற்றப்படவில்லை என்று இடது திரையின் பதிவைக் காட்டி நிரூபித்தார். அது உண்மை. நாங்கள் பேசிய அசல் குரல் எங்கே என்று தாளில் எழுதி நீட்டினேன். அதைச் சேமித்து வைக்கும் வழக்கம் இல்லை என்றார். அடுத்த விழாவுக்குள் தேசிய கீதத்தையும் தொனிக்குள் கொண்டுவர அரசிடம் அனுமதி கேட்டிருப்பதாக கஜலட்சுமி மேடம் சொன்னார். நான் கிழிந்த குரலில் பாடியது அவரைச் சங்கடப்படுத்தியிருந்தது.

எங்களை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இனி வர வேண்டியதில்லை என்று மட்டும் சொன்னார்கள். குரல்கள் அவர்களிடம் இருக்கின்றன.

வெளியே டீக்கடையில் பெஞ்சமின் அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குடிக்கவில்லை.

"வீட்டுக்கு வாம்மா ஒருதடவ."

"ஜெஸி எப்படி இருக்காண்ணே?"

"தேறிட்டா. தொண்டதான் இன்னும் கரகரங்கு. அவ அம்ம ஸ்டெல்லாதான்..." டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தார். "நான் பேச ஆரம்பிச்சா காதப் பொத்திக்கிடுதா. ஒரு மாசமா வீட்டுல கையக் காட்டித்தான் பேசுதேன். உப்பு வேணும்னாலும் கையத்தான் காட்டுதேன். நீ கூட இருந்தவ. என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லு."

பெரம்பூரில் மூன்றாவது மாடி. ஜெஸிந்தா கழுத்தில் பட்டையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். காது மடலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் செம்பு நிறம் இருந்தது. என்னைப் பார்த்துக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். பெஞ்சமின் அண்ணன் உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார், விருந்தாளி மாதிரி. ஸ்டெல்லா அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். சுவரில் தொலைக்காட்சி அணைந்திருந்தது.

நான் சொன்னேன். பெட்டி, பூட்டு, இரண்டு திரைகள், நாற்காலி. அவர் எப்படி எழுந்தார், எப்படிக் கூப்பிட்டார் என்று. எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அந்தக் குரலை நான் எப்படிச் சொல்லிக் காட்டுவது?

ஸ்டெல்லா அக்கா குறுக்கிடாமல் கேட்டார்.

"அவரு அந்த வார்த்தையச் சொன்னாருல்லா?" என்றார் பிறகு.

"சொன்னார்க்கா."

"ஏட்டி ஜெஸி, தலையத் தூக்குட்டி. காலேஜுக்கு நேரமாச்சுன்னு தெனமும் இவள எழுப்பையில அப்படித்தான் சொல்லுவாரு. சிரிச்சுக்கிட்டே. அன்னைக்கும் அதே சிரிப்பு."

"அது அவர் சிரிப்பு இல்லக்கா. மிஷின் போட்டது."

"தெரியும்மா. எல்லாரும் சொல்லிட்டாங்க. பேப்பர்லயும் வந்துச்சு." முந்தானையை விரலில் சுற்றினார். "எங்க வீட்டுல எப்பவும் காமெடிதான் ஓடும். அவரு வேல அது. அதனால எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு. கீழ்வீட்டு அக்காவும் எங்கூட உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. பிள்ள தல சாயுது. எனக்கு நெஞ்சு பகீர்னு ஆச்சு. அந்நேரம் இவரு கொரல். சிரிக்காரு. அப்பா சிரிக்காருன்னா ஒண்ணும் இல்ல, பிள்ள தூங்கிட்டான்னு நெனச்சேன்."

சுற்றிய முந்தானையை அவிழ்த்தார்.

"நானும் சிரிச்சேன்மா."

வாசலில் நின்றவர் நிலையைவிட்டுக் கையை எடுத்தார். இதை அவரும் இப்போதுதான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"எம்பிள்ள தொங்குது, நான் கையத் தட்டிச் சிரிக்கேன்," என்றார் ஸ்டெல்லா அக்கா. "இப்ப இவரு எதச் சொன்னாலும் எனக்கு என் சிரிப்புத்தான் கேக்குது."

ஜெஸிந்தா என் கையை விட்டாள்.

"அப்பா என்ன மாதிரி கூப்பிட்டாரு?" என்றாள். சுரண்டுகிற மாதிரி ஒரு குரல். "அம்மா, அப்பாவச் சொல்லச் சொல்லு. நான் கேக்கவே இல்லயே. நான் கேக்கணும்."

ஸ்டெல்லா அக்கா மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், அணைந்திருந்த தொலைக்காட்சியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க," என்றார்.

பெஞ்சமின் அண்ணன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி," என்றார். அதற்கு மேல் வரவில்லை.

ஸ்டெல்லா அக்கா காதைப் பொத்தவில்லை. காத்திருந்தார்.